விழுந்துகொண்டே இருக்கும் பெட்டி

ரீகாவில் ஜனவரி.
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்கிறேன்.
எதிரொலியைக் கம்பளி குடித்துவிடும்,
அதற்காகத்தான்.
மடியில் கணினி, வாய்க்கு நேரே மைக்,
கன்னத்தில் உரசுகிறது
என்ட்ஸெலிஸின் கோட்டுக் கை.
அவன் போய் இரண்டு குளிர்காலம்.
கோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை,
ஒலிக்கு அவ்வளவு நல்லது.

"வணக்கம், நான் விஸ்மா.
இன்று ஒரு பெட்டியை
மேலிருந்து கீழே விழவைப்போம்."

ஆறாவது தடவை.
ஐந்தாவதில் டிராம் போனது.
நாலாவதில் என் வயிறு.
மூன்றாவதில்
'ரொம்ப எளிது' என்று வாய் தவறிவிட்டது.
எளிது என்று சொன்ன யாரிடமும்
நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

"வலப்பக்கம் பாருங்கள்.
எடை என்று ஒரு கட்டம். அதில் ஒன்று."
மவுஸை நகர்த்துகிறேன்
விளிம்புவரை சூப் ஊற்றிய கிண்ணத்தை
அடுத்த அறைக்குக் கொண்டுபோவதுபோல.
தெரிந்த கை போகும் வேகம் வேறு,
தெரியாத கண் வரும் வேகம் வேறு.

இரவெல்லாம் வெட்டினேன்.
'ம்ம்'களை வெட்டினேன். இருமலை வெட்டினேன்.
பெட்டி தரையைத் துளைத்துக்கொண்டு
கீழே, இன்னும் கீழே,
சாம்பல் வெளியில் புள்ளியாகித் தொலைந்ததையும்
நாற்பது நொடி நான்
திருதிருவென்று விழித்ததையும்
வெட்டினேன்.
மிச்சம் மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.
தப்பே செய்யாத ஒருத்தி
அதில் பேசிக்கொண்டே போகிறாள்.
எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை படிக்கட்டில் பை கிழிந்து
உருளைக்கிழங்குகள் உருண்டோடின.
நான் திட்டியதைக் கேட்டு
மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.
"இந்தக் குரல்...
நீங்கள்தானே அந்தப் பெட்டிக்காரி?"

தாலிவால்டிஸ்.
பதினொன்றாம் எண் டிராம்,
இருபத்தேழு வருடம், ஒரே தடம்.
அவர் செய்துகொண்டிருக்கும் விளையாட்டில்
டிராம் தண்டவாளத்தை விட்டு இறங்கி
காட்டுக்குள் போகலாம், கடற்கரைக்குப் போகலாம்,
யார் வீட்டு வாசலிலும் நிற்கலாம்.

சமையல் மேசையில் கட்டம் போட்ட நோட்டு.
என் வீடியோக்கள் பென்சிலில்:
1:07 நிறுத்து. 1:09 நிறுத்து. திரும்பப் பார்.
2:30 இவளுக்கு எப்படி நிற்கிறது?
எப்படி என்பதன் கீழே
இரண்டு கோடு.

திரையில் அவருடைய டிராம்
தரை வழியாக விழுந்துகொண்டிருந்தது.
"மூன்று நாளாக இப்படித்தான்" என்றார்,
"உங்களுக்கு ஒருமுறைகூட விழவில்லை."

ஒரு டிக். தரைக்கு 'மோதல்' என்ற ஒரே டிக்.
நான் வெட்டி எறிந்த நாற்பது நொடி
அவர் வீட்டில்
மூன்று ராத்திரியாகி இருந்தது.

மாடி ஏறி ஓடினேன்.
குப்பைத் தொட்டியைக் காலிசெய்துவிட்டேன் முன்பே.
மறுபடி தப்பு செய்து பார்த்தேன்.
தெரிந்துவிட்ட பிறகு விழிக்க வரவில்லை.
என் "அடடா"வில்
பள்ளி நாடக வாடை.

இறங்கிப் போனேன்.
விடை நாக்கு நுனியில் இருந்தது, சொல்லவில்லை.
"இதை என் அலமாரிக்குள் வந்து தேடுவீர்களா?"

வந்தார். தோளுக்கு இடம் போதவில்லை,
இரண்டு கோட்டுகளை வெளியே எடுத்தேன்.
என்ட்ஸெலிஸின் கோட்டையும்தான்.
கதவுக்கு இந்தப் பக்கம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
உள்ளே நீண்ட மௌனம்.
ஒரு கெட்ட வார்த்தை.
மௌனம்.
மூக்கு உறிஞ்சல்.
"இது என்ன டிக்? போட்டுத்தான் பார்ப்போமே..."

ஒன்பது நிமிடம் ஓடும் அந்த வீடியோ.
எங்கும் கத்தரி வைக்கவில்லை.
ஏழாவது நிமிடத்தில்
தெருவில் ஒரு டிராம் வளைகிறது, கிரீச்சென்று.
தேடுவதை நிறுத்திவிட்டு அவர் சொல்கிறார்:
"நம்ம பதினொன்று.
நாலு நிமிடம் தாமதம்."